ரோனி கோவெண்டரின் குறுநாடகங்கள்: மேடையேற்ற நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துத் தமிழ்ச் சங்கங்கள், கோயில் இளைஞர் குழுக்கள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் என்று எங்கே குறுநாடகப் பேச்சு எழுந்தாலும் ரோனி கோவெண்டர் பெயர் வந்துவிடுகிறது. கூடவே அதே சந்தேகங்களும் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். முதலில் ஆளும் எழுத்தும், பிறகு மேடை வேலை.

ரோனி கோவெண்டர் யாரு? நாடகக்காரரா, கதை எழுதறவரா?

இரண்டும்தான். ஆனால் முதலில் நாடகக்காரர். 1934-ல் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பிறந்தார், 2021 ஏப்ரலில் மறைந்தார். பள்ளி ஆசிரியர், விளையாட்டுச் செய்தியாளர், மதுபான நிறுவனத்தில் விற்பனைத் துறை என்று பிழைப்புக்குப் பல வேலைகள் பார்த்தவர். 1990-களில் கேப் டவுன் பாக்ஸ்டர் தியேட்டரிலும் டர்பன் பிளேஹவுஸிலும் பொறுப்புகள் வகித்தார்.

நாடகம் எழுதத் தொடங்கியது 1960-களின் ஆரம்பத்தில், 'பியாண்ட் கால்வரி'யோடு. கேட்டோ மேனர் கதைகளின் தொகுப்பான 'அட் தி எட்ஜ்' 1996-ல்தான் வந்தது. அது மறு ஆண்டே காமன்வெல்த் எழுத்தாளர் பரிசில் ஆப்பிரிக்கப் பகுதியின் சிறந்த முதல் நூலாகத் தேர்வானது. அறுபது வயதைத் தாண்டியவருக்கு 'முதல் நூல்' பரிசு! அதற்குள் முப்பது வருடம் மேடையில் வேலை செய்து முடித்திருந்தார். அவர் கதைகளைப் படித்தால் வசனம்தான் முன்னால் நிற்கும், காரணம் இதுதான்.

கோவெண்டர்னா நம்ம ஊர் கவுண்டரா?

ஆம், கவுண்டர் என்ற பெயர் நேட்டால் (டர்பன் இருக்கும் மாகாணம்) பதிவேடுகளில் எடுத்த வடிவம் என்றே பொதுவாகக் கொள்கிறார்கள். முதலியார் 'மூட்லி' ஆனது போல, நாயுடு 'நைடூ' ஆனது போல. 1860-ல் சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து இறங்கினார்கள். எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே பெயர் ஆயிற்று. அறிவிப்புத்தாளில் 'கவுண்டர்' என்று திருத்தி அச்சடிக்காதீர்கள். அவர் கையெழுத்துப் போட்ட பெயர் கோவெண்டர்.

கெஸ்ஸி கோவெண்டரும் இவரும் ஒரே ஆள்தானே?

இல்லை. கெஸ்ஸி வேறு ஆள், கொத்தனார் வேலை பார்த்தவர். 'ஸ்டேபில்எக்ஸ்பென்ஸ்', 'வொர்க்கிங் கிளாஸ் ஹீரோ' இரண்டும் அவருடையவை. டர்பனில் ஸ்டேபில் தியேட்டரைக் கட்டியெழுப்பியவரும் அவர்தான். உரிமை கேட்டு எழுதும்போது முழுப் பெயரையும் நாடகத் தலைப்பையும் சேர்த்தே எழுதுங்கள். 'கோவெண்டர் நாடகம்' என்று மட்டும் எழுதினால் கடிதம் தவறான மேசைக்குப் போகும்.

அவர் தமிழ்லயா எழுதினார்?

இல்லை, ஆங்கிலத்தில். ஆனால் பாடப்புத்தக ஆங்கிலம் அல்ல. கரும்புத் தோட்டத்திலும் கேட்டோ மேனர் சந்துகளிலும் நம்மவர்கள் பேசிய ஆங்கிலம். தமிழ்ச் சொல்லும் தமிழ் வாக்கிய அமைப்பும் உள்ளே கிடக்கும். அந்தப் பேச்சை 'தப்பு இங்கிலீஷ்' என்று படித்தவர்கள் கேலி செய்துகொண்டிருந்த காலத்தில், கேலிக்காக இல்லாமல் மனிதர்களின் சொந்த மொழியாகவே அதை மேடையில் வைத்தார். அவர் எழுத்தில் இதைவிடப் பெரிய விஷயம் இல்லை என்பது எங்கள் கட்சி. கீழே வரும் பல பதில்கள் இதையேதான் சுற்றி வருகின்றன.

'லானி'ன்னா என்ன? எந்த அகராதியிலும் கிடைக்கலையே.

வெள்ளைக்கார முதலாளி. தென்னாப்பிரிக்க இந்தியர் பேச்சில் உருவான சொல். இப்போது 'பகட்டான', 'பணக்காரத்தனமான' என்ற பொருளிலும் எல்லா இனத்தாரும் பயன்படுத்துகிறார்கள். 'தி லானீஸ் பிளெஷர்' என்ற தலைப்பில் பழைய பொருள்தான். தமிழாக்கத்திலும் 'லானி' என்றே விடுங்கள். 'துரை' என்று மாற்றினால் தேயிலைத் தோட்டமும் மதராஸ் கலெக்டரும் நினைவுக்கு வருவார்கள், நேட்டால் வராது.

எத்தனையோ பேர் சொல்றாங்க, எந்த நாடகத்துலேர்ந்து ஆரம்பிக்கிறது?

மூன்று நான்கு நடிகர்கள் இருந்தால் 'தி லானீஸ் பிளெஷர்'. 1970-களின் நாடகம். டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கம்ப் என்ற கரும்புத் தோட்ட ஊர், அங்கே ஒரு ஓட்டலில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய மதுக்கூடம். ஊற்றிக் கொடுப்பவன், மகள் கவலையில் குடிக்கும் ஆலைத் தொழிலாளி, வெளியூரிலிருந்து வந்த படித்த ஆள், வெள்ளைக்கார உரிமையாளர். இத்தனை பேருக்குள் மொத்தச் சமூகமும் வந்துவிடுகிறது. பல ஊர்களில் மறுபடி மறுபடி ஓடிய நாடகம், வயதான பார்வையாளர்களுக்கு வசனமே மனப்பாடம்.

நல்ல நடிகர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால் 'அட் தி எட்ஜ்'. கதைகளிலிருந்து வடித்த தனியாள் நிகழ்ச்சி. சார்ல்ஸ் பிள்ளை அதைத் தனியாக நடித்துப் பெயர் வாங்கினார். 'சுவாமி', 'ஆஃப்சைடு', 'யுவர் ஓன் டாக் வோன்ட் பைட் யூ' போன்றவற்றைக் காலப் பின்னணி தெரியாமல் எடுத்தால் நையாண்டி புரியாமல் போகும். முதல் முயற்சிக்கு வேண்டாம்.

ஏன் ஆள் குறைச்சலா, செட் குறைச்சலா எழுதினார்? காசு இல்லாததாலயா?

காசும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இடம். அது நிறவெறி ஆட்சிக் காலம், நல்ல அரங்குகள் வெள்ளையருக்கு. 1965-ல் வந்த அரசாணைப்படி பல இனத்தவர் கலந்து பார்க்கவோ நடிக்கவோ தனி அனுமதி வேண்டும். 1963-லேயே தணிக்கைச் சட்டம் வந்துவிட்டது. மிச்சம் இருந்தவை பள்ளிக் கூடங்கள், சங்க மண்டபங்கள், கோயில் கொட்டகைகள். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று. காரின் பின்பக்கத்தில் ஏறாத செட்டுக்கு அந்த வாழ்க்கையில் இடமில்லை.

நடிகர்கள் பகலில் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், ஆலைத் தொழிலாளர்கள். பத்துப் பேர் நாடகம் என்றால் பத்துப் பேரும் ஒரே மாலை ஒத்திகைக்குச் சேர வேண்டும். மூன்று பேர் என்றால் சேர்ந்துவிடலாம். இயக்குநர் கிருஷ்ணா ஷா அமெரிக்காவிலிருந்து வந்து நடத்திய பயிற்சியை ஒட்டி 1960-களில் டர்பனில் 'ஷா தியேட்டர் அகாடமி' உருவானது. ரோனி கோவெண்டரும் முத்தாள் நைடூவும் அதில் முக்கியமானவர்கள். அங்கே பழகிய கை இது. ஆபத்தும் இருந்தது: 1975–76-ல் கறுப்பின மாணவர் அமைப்பான சாசோவைச் சேர்ந்தவர்கள் மீது நடந்த வழக்கில் நாடக வேலைகளே குற்றச்சாட்டில் இடம்பெற்றன.

தெருக்கூத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா? நம்ம ஊர்ல 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்'னு சொல்வாங்களே.

நேட்டாலில் தெருக்கூத்து இருந்தது. 'தெருக்கூத்து' என்பது ஆங்கிலக் காதில் 'சிக்ஸ் ஃபுட்' ஆகிவிட்டது. ஆறடிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கோவெண்டர் நாடகம் கூத்து வடிவம் அல்ல, பாட்டும் அடவும் கிடையாது. ஆனால் மதுக்கூடக்காரனைக் கட்டியங்காரனாக நினைத்துப் பாருங்கள்: கதைக்குள்ளும் நிற்கிறான், வெளியேயும் நிற்கிறான், பெரியவனைக் கிண்டலும் செய்கிறான், அவனுக்கே கும்பிடும் போடுகிறான். நடிகருக்கு விளக்க இந்த ஒப்பீடு நன்றாக உதவுகிறது. அதற்காக முகத்தில் அரிதாரம் பூசிவிடாதீர்கள்.

உரிமை வாங்கணுமா? டிக்கெட்டே இல்லை, இலவசம்தானே?

வாங்க வேண்டும். இலவசம் என்பதால் பதிப்புரிமை போய்விடாது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் (1978-ன் 98-ஆம் எண் சட்டம்) எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 50 ஆண்டுகள் வரை உரிமை இருக்கும். இவர் விஷயத்தில் 2071 டிசம்பர் வரை.

தென்னாப்பிரிக்காவில் நாடக மேடை உரிமைகளைக் கையாளும் அமைப்பு டால்ரோ. முதலில் அங்கே கேளுங்கள்; அந்தக் குறிப்பிட்ட நாடகம் அவர்கள் கையில் இல்லை என்றால் பதிப்பாளர் வழியாகக் குடும்பத்தாரை அணுகுங்கள். கடிதத்தில் இருக்க வேண்டியவை: நாடகத் தலைப்பு, முழுதுமா பகுதியா, எந்த மொழி, தேதிகள், எத்தனை காட்சி, மண்டபத்தின் இருக்கை எண்ணிக்கை, நுழைவுக் கட்டணம் உண்டா, காணொளி எடுப்பீர்களா. கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மேடை அனுமதி யூடியூபுக்குச் செல்லாது. குறைந்தது மூன்று மாதம் முன்னால் எழுதுங்கள். பதில் வரும்முன் அறிவிப்புத்தாள் அச்சடிக்காதீர்கள்.

தமிழ்ல மொழிபெயர்த்துப் போட்டா அது நம்ம சொந்த எழுத்துதானே?

இல்லை. மொழிபெயர்ப்பும் தழுவல்தான், அதற்குத் தனியாக எழுத்து மூலம் அனுமதி வேண்டும். 'கதையை மட்டும் எடுத்துக்கொண்டோம்' என்று சொல்லி ஆள் பெயரை மாற்றுவதும் தழுவல்தான். முந்தைய பதிலில் சொன்ன கடிதத்திலேயே இதையும் கேட்டுவிட்டால் ஒரே வேலையாகப் போகும்.

தமிழாக்கத்துல எந்தத் தமிழ் போடறது? செந்தமிழா, சென்னைத் தமிழா?

இரண்டும் வேண்டாம். அதிகம் கெட்டுப்போகும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சங்க விழா என்றதும் கை தானாகச் செந்தமிழுக்குப் போகும். மதுக்கூடக்காரன் வழக்கமாக வருபவரிடம், 'நீங்கள் இன்று அளவுக்கு மீறி மது அருந்திவிட்டீர்கள். இல்லம் திரும்புங்கள்' என்பான். பார்வையாளர் சிரிப்பார்கள், ஆனால் தவறான இடத்தில். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'ரெண்டு ஊத்தியாச்சு அண்ணா. போதும். வீட்ல அக்கா சோறு போட்டு வெச்சிருக்கும்.' அண்ணா, அக்கா என்ற இரண்டு சொல்லில் உறவு, மரியாதை, கண்டிப்பு மூன்றும் வந்துவிட்டன. அதே ஆள் லானியைப் பார்த்ததும் 'எஸ் பாஸ்' என்பான். அந்த மாற்றம்தான் நாடகம். எல்லோரும் எல்லோரிடமும் ஒரே தமிழ் பேசினால் நாடகமே செத்துவிடும்.

சென்னை சினிமாத் தமிழ் ஏன் கூடாது என்றால், இங்கே வந்த தமிழர்களில் பலர் வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்தார். நூறு வருடத்துக்கு முந்தைய அந்தப் பேச்சின் சாயல்தான் பாட்டிகள் வாயில் இருந்தது. 'வந்துகினு', 'இன்னாத்துக்கு' போன்றவற்றை அளவாகச் சேர்க்கலாம். வரிக்கு ஒன்று என்று தெளித்தால் கேலியாகிவிடும். எழுதி முடித்ததும் எழுபது வயதைத் தாண்டிய, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த இரண்டு பேருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் முகம் சுளிக்கும் வரிகளை அடியுங்கள்.

ஆங்கிலத்தையும் முழுதாகத் துரத்த வேண்டாம். படித்த வெளியூர்க்காரன் பாத்திரம் ஆங்கிலம் கலந்து பேசினால்தான் மற்றவர்களுக்கும் அவனுக்கும் உள்ள தூரம் தெரியும்.

தலைப்பையும் தமிழ்ல மாத்தலாமா?

அனுமதி இருந்தால் மாற்றலாம், யோசித்து மாற்றுங்கள். 'யுவர் ஓன் டாக் வோன்ட் பைட் யூ' என்பதை 'வளர்த்த நாய் கடிக்காது' என்று போட்டால் தமிழ்க் காதுக்கு உடனே 'வளர்த்த கடா மார்பில் பாய்ந்த' பழமொழி கேட்கும். மூலத் தலைப்புக்கு நேர் எதிர்! சில நேரம் அந்த உரசலே நன்றாக இருக்கும், சில நேரம் நாடகத்தைக் கவிழ்த்துவிடும். சந்தேகம் இருந்தால் மூலத் தலைப்பைத் தமிழ் எழுத்தில் அப்படியே விடுங்கள்.

வசவு வார்த்தை, 'கூலி'ங்கற சொல்லு எல்லாம் வருதே. கோயில் மண்டபத்துல எப்படிப் போடறது?

கோயில் மண்டபத்தில் போடாதீர்கள் என்பதே நேர்மையான பதில். பள்ளி அரங்கமோ நூலகக் கூடமோ பாருங்கள். வசவை எடுத்துவிட்டு நடத்தினால் குடிகாரன் பூசாரி மாதிரி பேசுவான். வரிகளை வெட்டுவதற்கும் அனுமதி தேவை என்பதை மறக்க வேண்டாம்.

'கூலி' வேறு விஷயம். தமிழில் அது வெறும் சம்பளம். தென்னாப்பிரிக்காவில் அது இனவசை. தமிழ் வசனத்துக்குள் அந்தச் சொல் வந்தால் தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு வலி புரியாது, உள்ளூர்க்காரருக்கு மட்டும் சுடும். ஆகவே வெள்ளைக்காரப் பாத்திரம் அதை ஆங்கில உச்சரிப்பிலேயே சொல்லட்டும், சொன்னபின் இரண்டு நொடி யாரும் பேசாமல் நிற்கட்டும். சம்பளம் என்ற பொருளில் அந்தச் சொல்லைத் தமிழாக்கத்தில் வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள்.

போட்டியில 30 நிமிஷம்தான் தருவாங்க. எத்தனை பக்கம் எழுதலாம்?

வார்த்தைக் கணக்கு பார்க்காதீர்கள். ஆங்கில மூலத்தைவிடத் தமிழில் சொற்கள் குறையும், ஒவ்வொரு சொல்லும் நீளும், நேரம் குறையாது. 14 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளி என்று வைத்தால் வசனம் நிறைந்த ஒரு ஏ4 பக்கத்துக்குச் சுமார் ஒன்றரை நிமிடம். 18 பக்கம் என்றால் 27 நிமிடம். மீதி 3 நிமிடம் சிரிப்புக்கு. சிரிப்பு வரும் என்று கணக்கு வைக்காத குழுதான் கடைசிக் காட்சியில் மணி அடிக்கப்பட்டு இறங்குகிறது.

நடிக்கற பசங்களுக்குத் தமிழ் பேச்சு கொஞ்சம் புரியும், படிக்கத் தெரியாது. என்ன செய்யறது?

இங்கே பெரும்பாலான குழுக்களின் நிலைமை இதுதான். ஆங்கில எழுத்தில் வசனம் அடித்துக் கொடுப்பது எளிது, ஆனால் அதிலேயே இருந்துவிட்டால் 'பழம்' 'பலம்' ஆகும், 'கரை' 'கறை' ஆகும். நெடிலுக்கு எழுத்தை இரட்டியுங்கள். ழ, ள, ல மூன்றுக்கும் மூன்று நிறப் பேனா. வல்லின ஒற்று வரும் இடத்தில் அடிக்கோடு.

அதோடு ஒவ்வொரு பாத்திரத்தின் வசனத்தையும் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரிடம் இரண்டு வேகத்தில் பதிவு செய்து கைப்பேசியில் அனுப்புங்கள்: மெதுவாக ஒன்று, மேடை வேகத்தில் ஒன்று. மெதுவானதை மட்டும் கேட்டுப் பழகியவர்கள் மேடையிலும் அப்படியே இழுப்பார்கள். வாரம் இரண்டு மாலை, தலா இரண்டு மணி நேரம், ஆறு வாரம் என்பது சாதாரண அட்டவணை. தமிழ் படிக்காத நடிகர்களுக்கு எட்டு வாரம் வையுங்கள். முதல் இரண்டு வாரம் எழுந்து நிற்கவே விடாதீர்கள், உட்கார்ந்து பேசட்டும்.

ஒத்தை ஆள் பத்துப் பேரா எப்படி நடிக்கறது? குரல் மாத்தினா போதுமா?

போதாது. குரலை மட்டும் மாற்றினால் ஐந்தாவது நிமிடத்தில் பல குரல் நிகழ்ச்சி ஆகிவிடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று அடையாளம் வையுங்கள்: எடை எந்தக் காலில், பார்வை எங்கே, கைக்கு என்ன வேலை. உதாரணம்: பாட்டி என்றால் எடை பின்காலில், பார்வை கீழே ஒரு குழந்தை உயரத்தில், கை முந்தானை நுனியில். கடைக்காரர் என்றால் இரண்டு காலிலும் சமம், பார்வை வாசலில், கை கல்லாப் பெட்டி மேல். குரல் நான்காவதாகத்தான் வரும், அதுவும் தானாக வரும்.

இரண்டு பேர் உரையாடும்போது உடம்பை முழுதாகத் திருப்பாதீர்கள். பார்வையாளரை நேராக வைத்து இடப்பக்கம் சுமார் 30 டிகிரி ஒருவர், வலப்பக்கம் 30 டிகிரி மற்றவர். அதற்கு மேல் திரும்பினால் முகம் மறையும், வேகமும் போகும். அந்தக் கோணங்கள் சுவரில் எங்கே விழுகின்றனவோ அங்கே ஒத்திகையின்போது காகிதம் ஒட்டுங்கள். பாட்டியின் பார்வை ஒரு நாள் கீழேயும் ஒரு நாள் மேலேயும் போனால் பார்வையாளருக்குக் குழந்தை காணாமல் போய்விடும்.

பொருள் என்று ஒரு பலகை, ஒரு துண்டு போதும். துண்டு தோளில் இருந்தால் ஒருவர், தலையில் கட்டினால் இன்னொருவர், மடியில் விரித்தால் மூன்றாமவர். ஆனால் ஒரு பாத்திரத்திலிருந்து அடுத்ததற்கு மாற ஒரு நொடிக்கு மேல் எடுத்தால் துண்டைக் கைவிடுங்கள். பலகைக்குப் பின்னால் தண்ணீர்க் குவளை ஒன்று இருக்கட்டும். குடிப்பதை ஏதாவது ஒரு பாத்திரம் குடிப்பதாகவே அமையுங்கள்.

மதுக்கூடம் செட் எப்படிப் போடறது? எங்க சங்கத்துல மடக்கு மேசைதான் இருக்கு.

மடக்கு மேசை சுமார் 75 செ.மீ. உயரம். குடிக்கும் இடத்து மேசை 105 செ.மீ.-க்குக் குறையக் கூடாது. தாழ்ந்த மேசைக்குப் பின்னால் நிற்பவன் தபால் அலுவலகக் குமாஸ்தா மாதிரி தெரிவான், குடிப்பவர் முழங்கை ஊன்ற முடியாமல் குனிவார். கால்களுக்கு அடியில் 32 செ.மீ. உயர மரக்கட்டை வையுங்கள், ஒவ்வொரு கட்டையின் தலையிலும் 2 செ.மீ. ஆழக் குழி வெட்டி மேசைக் கால் அதில் இறங்க வேண்டும். மேசை 105-க்கு வந்துவிடும். குழியில்லாமல் வைத்தால் யாராவது கோபத்தில் மேசையைக் குத்தும் காட்சியில் மொத்தமும் சரியும். முன்பக்கத்துக்கு 6 மி.மீ. ஒட்டுப்பலகை, அடர் பழுப்பு வண்ணம். பளபளப்பு வண்ணம் வேண்டாம், விளக்கு பட்டுக் கண் கூசும்.

பார்வையாளருக்கு நேராக நடுவில் வைக்காதீர்கள். குடிப்பவர்களின் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். மேடையின் ஒரு பக்கமாகத் தள்ளி, சாய்வாக வையுங்கள். ஊற்றுபவன் உள்பக்கம், குடிப்பவர்கள் இரண்டு முனைகளில்.

கரும்புச் சாராயம் நிறமில்லாதது, வெறும் தண்ணீரே போதும். பிராந்திக்குப் பால் விடாத ஆறிய தேநீர். கோலா வேண்டாம்: நுரைக்கும், கொட்டினால் தரை ஒட்டும், நடிகர் ஏப்பம் விடுவார். பாட்டில்கள் கண்ணாடி, கோப்பைகள் கனமான அடிப்பாகம் உள்ளவை. பிளாஸ்டிக் கிரேட், அலுமினியக் கேன், திருகு மூடித் தண்ணீர் பாட்டில் எதுவும் கண்ணில் படக் கூடாது.

குடிகாரன் வேஷம்னாலே எல்லாரும் தள்ளாடறாங்க. எப்படி நிறுத்தறது?

குடித்தவன் தள்ளாட விரும்புவதில்லை. தள்ளாடாமல் நடக்கத்தான் பாடுபடுகிறான். அந்தப் பாட்டைக் காட்டச் சொல்லுங்கள். கோப்பையை வைக்கும்முன் மேசையின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்ப்பது, பெயரை இரண்டு முறை சரியாகச் சொல்ல முயல்வது. தெளிவில்லாத உச்சரிப்பு நாடகம் முழுதுக்கும் மூன்று இடத்தில் போதும். ஏற்கெனவே தமிழ் உச்சரிப்போடு போராடும் நடிகர் குழறவும் செய்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

1949 கலவரம் பத்தின பகுதியை இப்ப போடறது சரியா? சண்டை வராதா?

1949 ஜனவரி 13 மாலை டர்பன் நகரில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே தொடங்கிய கலவரம் கேட்டோ மேனரைத்தான் அதிகம் எரித்தது. அரசுக் கணக்கில் 142 பேர் இறந்தார்கள்; அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம்மவர்கள் மட்டுமே செத்ததாக நினைவு வைத்திருக்கும் மண்டபத்தில் இதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

பயந்து விலக வேண்டியதில்லை. கோவெண்டர் '1949' என்ற தலைப்பிலேயே எழுதியவர், இரு பக்கத்து மனிதரையும் பெயரோடு எழுதியவர். செய்யக் கூடாதது: ஆப்பிரிக்கர்களை முகமில்லாத கூச்சலாகத் திரைக்குப் பின்னால் வைப்பது. ஜூலுப் பாத்திரத்துக்கு ஜூலு பேசுகிற நடிகரையே தேடுங்கள். அந்த மொழியின் மூன்று சொடுக்கு ஒலிகளும் தமிழ் எழுத்தில் அடங்காது, காதால் கற்றவருக்கே வரும். பாத்திரத்தின் வாயில் ஃபனகலோ போடாதீர்கள். அது முதலாளிகள் வேலைக்காரனிடம் பேசிய ஒட்டுப்போட்ட மொழி. ஒரு ஜூலுக்காரர் தன் வீட்டில் அதைப் பேச மாட்டார்.

மைக், லைட் எவ்வளவு வேணும்? நடுவுல கரன்ட் போச்சுன்னா?

150 பேர் மண்டபத்துக்கு மேடை விளிம்பில் படுக்கை மைக் இரண்டு போதும். கன்னத்தில் ஒட்டும் மைக்குகள் டர்பன் பிப்ரவரி வியர்வையில் இடைவேளைக்கு முன்பே பேச்சை விழுங்கும். தகரக் கூரை என்றால் மழை நாள் ஒத்திகை ஒன்று அவசியம். எந்த வசனம் மூழ்குகிறது என்று அப்போதுதான் தெரியும். விளக்குக்கு முன்பக்கம் இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு எல்ஈடி, 45 டிகிரி சரிவில். தலைக்கு நேர் மேலே மட்டும் விளக்கு இருந்தால் கண் குழியாகி எல்லோரும் பேய் மாதிரி இருப்பார்கள்.

லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) அறிவித்திருந்தால் அதன் அட்டவணையைப் பாருங்கள். கூடவே மின்கலத்தில் எரியும் இரண்டு விளக்கை மதுக்கூட மேசைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். மின்சாரம் போனால் ஊற்றுபவன் அதை எடுத்து மேசைமேல் வைக்கட்டும், நாடகம் நிற்காது.

எங்க குழுவில பெண்கள்தான் அதிகம். மதுக்கூட நாடகம் எப்படிப் பொருந்தும்?

பொருந்தாது, வேறு நாடகம் எடுங்கள். ஷா அகாடமியைப் பற்றிச் சொன்ன பதிலில் வந்த முத்தாள் நைடூ எழுதிய 'ஃப்ளைட் ஃப்ரம் தி மஹாபாரத்' பாருங்கள். பாரதக் கதையிலிருந்து பெண்கள் வெளியேறிவிடும் நாடகம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது, கோபம் வேண்டுமானால் வரலாம். உரிமை விஷயம் அதே நடைமுறை.

நாங்களே இந்த மாதிரி ஒரு குறுநாடகம் எழுதினா, துன்னி ஆடற காட்சி வைக்கலாமா?

உங்கள் சொந்த நாடகம் என்றால் தாராளமாக. உரிமை வாங்கிய நாடகத்துக்குள் நுழைக்காதீர்கள். துன்னி நம்மவர்கள் இங்கே ஆடும் சீட்டாட்டம். வைத்தால் சரியாக வையுங்கள், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் முன்வரிசைத் தாத்தாக்கள் சீட்டைத்தான் பார்ப்பார்கள். நான்கு பேர், 24 சீட்டு: ஒவ்வொரு இனத்திலும் ஜாக், ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி மட்டும். முதலில் நான்கு நான்காகப் போட்டு, பிறகு இரண்டிரண்டு. ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20. மதிப்புக் குறைந்த ராஜாவை வீசிவிட்டுக் கூத்தாடும் நடிகரைப் பார்த்து மண்டபமே சிரிக்கும். கையில் ஆறு சீட்டுத்தான் என்பதால் வசனம் நீளமாக இருந்தால் ஆட்டம் முன்னால் முடிந்துவிடும். ஒரு சீட்டு இறங்குவதற்கு ஐந்தாறு வரி வசனம் என்று பங்கிட்டு எழுதுங்கள், கடைசிச் சீட்டைச் சண்டை தொடங்கும் வரிக்கு வையுங்கள்.